பச்சை எழுத்தை நம்பிவிடாதீர்கள்

ஜாவாவில் நிரல் எழுதக் கற்றுத்தரத் தெருவுக்கு ஒரு பயிற்சி மையம் இருக்கிறது. எழுதிய டெஸ்ட் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்பது அங்கேதான். நிரல் சரியாக இருக்கும், டெஸ்டும் சரியாக இருக்கும். நடுவில் இருக்கிற மேவனோ கிரேடிலோ ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டிருக்கும், அதைப் பற்றி வாயும் திறந்திருக்காது. அந்த நடு இடத்தைத் துழாவுவது எப்படி என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. முதலாவதை மட்டும் தாண்டாதீர்கள்.

1. எண்ணிக்கையை முதலில் பாருங்கள்.

மேவன் வேலையை முடித்ததும் 'பில்டு சக்ஸஸ்' என்று பச்சையில் எழுதும். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகிறது. கொஞ்சம் மேலே ஏறிப் பாருங்கள். 'டெஸ்ட்ஸ் ரன்' என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும்: எத்தனை ஓடின, எத்தனை தோற்றன, எத்தனை நடுவில் எர்ரர் ஆகி நின்றன, எத்தனை ஸ்கிப் ஆயின. அதில் முதல் எண் பூஜ்யமாக இருந்தாலும் கீழே பச்சைதான் வரும். அந்த வரியே இல்லாவிட்டாலும் பச்சைதான் வரும். ஓடாத டெஸ்ட் தோற்காது. தோற்காதவரை மேவனுக்கு அது வெற்றி.

சிவப்பு வந்தால் பத்து நிமிடத்தில் யாராவது வந்து எட்டிப் பார்ப்பார்கள். பூஜ்யத்துக்குக் கீழே வரும் பச்சையை மாதக்கணக்கில் ஒருவரும் கவனிப்பதில்லை. அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் 'ஏன் தோற்றது' என்று கேட்பதற்கு முன்னால் 'ஓடியதா' என்று கேளுங்கள். நேற்று 412 டெஸ்ட் ஓடின, இன்று 380தான் ஓடின என்றால், அந்த 380ம் பாஸ் ஆகியிருந்தாலும் அது கோளாறுதான்.

மேவனில் டெஸ்டை ஓட்டுவது ஷ்யூர்ஃபயர் என்ற ப்ளகின். டெஸ்ட் ஒன்றும் ஓடாவிட்டால் பில்டைத் தோற்கடிக்கச் சொல்லும் அமைப்பு அதில் உண்டு, 'ஃபெயில்-இஃப்-நோ-டெஸ்ட்ஸ்' என்று பெயர். இயல்பில் அது அணைந்திருக்கும். டெஸ்ட் இருந்தே ஆக வேண்டிய மாட்யூலில் அதைப் போட்டுவையுங்கள். கிரேடிலும் பல வருடம் இதே மாதிரிதான் இருந்தது. 2025ல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்துதான், டெஸ்ட் கோப்புகள் இருந்தும் ஓட்ட ஒன்றும் அகப்படவில்லை என்றால் பில்டை நிறுத்துகிறது. இந்தப் புத்தி முன்னாலேயே வந்திருக்கலாம்.

2. கிளாஸின் பெயரைப் பாருங்கள்.

"அண்ணா, இன்டெல்லிஜேல ஓடுது, மேவன்ல ஓடவே மாட்டேங்குது" என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, கிளாஸுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்பதுதான். ஐடிஇ பெயரைப் பார்ப்பதில்லை. டெஸ்ட் என்ற அனோட்டேஷன் இருந்தால் பக்கத்தில் பச்சை அம்புக்குறி போட்டுவிடும், அழுத்தினால் ஓட்டிவிடும். ஷ்யூர்ஃபயர் அப்படி இல்லை. பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்க வேண்டும், அல்லது 'டெஸ்ட்', 'டெஸ்ட்ஸ்', 'டெஸ்ட்கேஸ்' என்று முடிய வேண்டும். 'லாகின்செக்' என்று பெயர் வைத்தால் அதன் கண்ணில் அப்படி ஒரு கோப்பே இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடும் பார்க்கும்.

பெயர் சரியாக இருந்தும் கிளாஸுக்குள் ஒன்றிரண்டு மட்டும் ஓடவில்லையா? மெத்தடின் முன்னால் 'பிரைவேட்' என்றோ 'ஸ்டாட்டிக்' என்றோ இருக்கிறதா பாருங்கள். ஜேயூனிட் 5 அப்படிப்பட்டவற்றைப் பல பதிப்புகளாகச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தது.

கையோடு இன்னொன்று. டெஸ்டுக்கு வேண்டிய ஜேசன் கோப்பை டெஸ்ட் கிளாஸின் பக்கத்திலேயே ஜாவா கோப்புறைக்குள் வைத்துவிடுவார்கள். மேவன் அந்தக் கோப்புறையிலிருந்து ஜாவா கோப்புகளை மட்டும்தான் எடுக்கும். மற்றவை 'ரிசோர்சஸ்' கோப்புறையில் இருந்தால்தான் கிளாஸ்பாத்துக்குப் போய்ச் சேரும். கோப்பு கண் முன்னே இருக்கும், டெஸ்டோ காணவில்லை என்று அழும்.

3. பெயர் 'ஐடி' என்று முடிந்தால் அது வேறு ஆளின் வேலை.

டேட்டாபேஸ், சர்வர் என்று வெளி உலகத்தைத் தொடும் இன்டக்ரேஷன் டெஸ்டுகளுக்கு ஃபெயில்சேஃப் என்று தனி ப்ளகின். 'ஐடி' என்று தொடங்கும் அல்லது முடியும் பெயர்களை அது எடுத்துக்கொள்ளும். ஆனால் ஷ்யூர்ஃபயர் மாதிரி அது தானாக வராது. பாம் கோப்பில் நீங்கள் சேர்த்து, அதன் இரண்டு வேலைகளையும், அதாவது ஓட்டுவதையும் சரிபார்ப்பதையும், குறிப்பிட வேண்டும். ஓட்டும்போது தோற்றாலும் ஃபெயில்சேஃப் அங்கேயே பில்டை நிறுத்தாது. எழுப்பிய சர்வரை இறக்கிவைத்துவிட்டு, 'வெரிஃபை' கட்டத்தில்தான் தோல்வியைச் சொல்லும். ஆகவே கமாண்டை 'வெரிஃபை' வரை கொடுங்கள். 'இன்டக்ரேஷன்-டெஸ்ட்' என்ற கட்டத்தோடு நிறுத்தினால் தோற்றுப்போன டெஸ்டும் பச்சையாகத் தெரியும்.

4. எந்த ஜேயூனிட் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கேதான் குட்டை அதிகமாகக் குழம்புகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997ல் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டா போன விமானத்தில் எழுத ஆரம்பித்தது ஜேயூனிட். 2006ல் 4ஆம் பதிப்பு அனோட்டேஷன்களைக் கொண்டுவந்தது. 2017 செப்டம்பரில் வந்த 5ஆம் பதிப்பு உள்ளே மூன்றாகப் பிரிந்தது: டெஸ்டுகளைத் தேடி ஓட்டும் பிளாட்ஃபார்ம், புதிய முறையில் எழுத ஜூப்பிட்டர், பழைய 3, 4 டெஸ்டுகளை ஓட்ட விண்டேஜ். 2025ல் 6 வந்தது, அதற்கு ஜாவா 17ஆவது வேண்டும். உங்கள் புராஜெக்டில் இதில் இரண்டு தலைமுறை சேர்ந்து குடியிருக்க வாய்ப்பு அதிகம்.

வம்பு என்னவென்றால் 4லும் 5லும் டெஸ்ட் அனோட்டேஷனுக்கு ஒரே பெயர். பேக்கேஜ்தான் வேறு. புதியதில் பேக்கேஜ் பெயரின் நடுவில் 'ஜூப்பிட்டர்' என்று வரும், பழையதில் வராது. ஐடிஇ இரண்டையும் பட்டியல் போட்டுக் காட்டும், அவசரத்தில் முதலில் இருப்பதை எண்டர் தட்டிவிடுவோம். "எங்கள் புராஜெக்டில் ஜேயூனிட் 4 கிடையாதே" என்பீர்கள். நீங்கள் சேர்க்காவிட்டாலும் வேறொன்று கூட்டிவந்திருக்கும். டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரியின் 1ஆம் வரிசைப் பதிப்புகளைச் சேர்த்தாலே ஜேயூனிட் 4 தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

தவறான இம்போர்ட் எப்படியெல்லாம் வேலையைக் காட்டும் என்று பாருங்கள். டெஸ்ட் அனோட்டேஷன் பழையது, விண்டேஜ் எஞ்சின் இல்லை: அந்த டெஸ்ட் ஓடவே ஓடாது, எச்சரிக்கையும் வராது. டெஸ்ட் புதியது, தயாரிப்பு வேலைக்கான 'பிஃபோர்' மட்டும் பழையது: டெஸ்ட் ஓடும், தயாரிப்பு நடக்காது, நல் பாயின்டர் எக்ஸப்ஷன் விழும். புதியதில் அதன் பெயர் 'பிஃபோர்ஈச்'. ஒன்றும் புரியாத இடத்தில் நல் பாயின்டர் வந்தால், நிரலை டீபக் செய்யப் போகும் முன் கோப்பின் தலையில் இருக்கிற இம்போர்ட் வரிகளைப் படியுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்தது ப்ளகின் பதிப்பு. பாம் கோப்பில் ஷ்யூர்ஃபயரின் பதிப்பை எழுதாவிட்டால் மேவன் தன் கையில் இருக்கிற இயல்புப் பதிப்பை எடுத்துக்கொள்ளும். மேவன் 3.8 வரை அது 2.12.4. ஜேயூனிட் 5 வருவதற்குப் பல வருடம் முந்தைய பதிப்பு அது. அதற்கு ஜூப்பிட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. பூஜ்யம் டெஸ்ட் என்று எழுதிவிட்டுப் பச்சையைக் காட்டிப் போய்விடும். 2018ல் வந்த 2.22.0 முதல்தான் புதிய பிளாட்ஃபார்மை அது நேரடியாகப் புரிந்துகொள்கிறது. உங்கள் மடிக்கணினியில் மேவன் 3.9 இருக்கலாம், பில்டு சர்வரில் பழைய 3.6 இருக்கலாம், இரண்டு இடத்தில் இரண்டு எண்ணிக்கை வர இது ஒன்றே போதும். ப்ளகின் பதிப்புகளைப் பாமில் எழுதிவையுங்கள். விதி என்று நான் பிடிவாதமாக வைத்திருப்பது மிகச் சில; இது அதில் ஒன்று.

கிரேடில்காரர்களுக்கு: டெஸ்ட் டாஸ்க் இயல்பாக ஜேயூனிட் 4 என்றே நினைத்துக்கொள்ளும். 'யூஸ் ஜேயூனிட் பிளாட்ஃபார்ம்' என்ற ஒரு வரியைப் பில்டு கோப்பில் எழுதினால்தான் ஜூப்பிட்டர் டெஸ்டுகள் ஓடும். 9ஆம் பதிப்புக்கு மாறியவர்கள் ஜேயூனிட் பிளாட்ஃபார்ம் லாஞ்சர் என்ற ஜாரையும் டெஸ்ட் ரன்டைமில் தாங்களே சேர்க்க வேண்டும். முன்பு கிரேடில் சத்தமில்லாமல் தானே எடுத்துத் தந்துகொண்டிருந்தது, இப்போது நிறுத்திவிட்டது. பதிப்பு ஏற்றிய அன்றே 'ஜேயூனிட் பிளாட்ஃபார்மை ஏற்ற முடியவில்லை' என்ற பிழை வந்தால் காரணம் அதுதான்.

ஸ்பிரிங் பூட்டில் வேலை செய்பவர்கள் 2.4ஐ நினைவில் வையுங்கள். அதன் டெஸ்ட் ஸ்டார்ட்டரிலிருந்து விண்டேஜ் எஞ்சினை எடுத்துவிட்டார்கள். பழைய புராஜெக்டை 2.3லிருந்து ஏற்றும்போது பழைய பாணி டெஸ்டுகள் ஓட வேண்டுமானால் விண்டேஜை நாமே சேர்க்க வேண்டும்.

5. டிபெண்டன்சி மரத்தைப் படிக்கப் பழகுங்கள்.

'நோ சச் மெத்தட் எர்ரர்' அல்லது 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்' என்று வந்து, அதில் இருக்கும் கிளாஸ் பெயர் உங்களுடையதாக இல்லாமல் ஜேயூனிட்டுடையதாகவோ மாக்கிட்டோவுடையதாகவோ இருந்தால், உங்கள் நிரலைத் தொடாதீர்கள். ஜார்களுக்குள் சண்டை. ஒரு ஜார் புதிய பதிப்பு, அது கூப்பிடும் ஜார் பழைய பதிப்பு.

மேவனில் 'டிபெண்டன்சி ட்ரீ' கமாண்டையும், கிரேடிலில் 'டிபெண்டன்சிஸ்', 'டிபெண்டன்சி இன்சைட்' டாஸ்க்குகளையும் ஓட்டினால் யார் யாரைக் கூட்டிவந்தார்கள் என்பது தெரியும். படிக்கும்போது ஒரு வேறுபாடு மனதில் இருக்கட்டும். ஒரே ஜாருக்கு இரண்டு பதிப்பு போட்டி போட்டால், மரத்தில் உங்கள் புராஜெக்டுக்குக் கிட்டத்தில் இருப்பதை மேவன் எடுக்கும். பதிப்பு எண் பெரியதை கிரேடில் எடுக்கும். அதனால் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாறினாலும் வேறு ஜார் வந்து நிற்கலாம்.

ஜேயூனிட் 5ல் ஜூப்பிட்டர் 5.10 என்றால் பிளாட்ஃபார்ம் 1.10, ஜூப்பிட்டர் 5.11 என்றால் பிளாட்ஃபார்ம் 1.11. மரத்தில் 5.11ம் 1.8ம் சேர்ந்து தெரிந்தால் குற்றவாளி அகப்பட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதிப்பு எழுதாமல் ஜேயூனிட் தரும் 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பட்டியலை இம்போர்ட் செய்துவிட்டால் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலையே இல்லை. 6ல் எல்லாவற்றுக்கும் ஒரே எண் வைத்துவிட்டார்கள், நல்ல காரியம்.

6. எந்த ஜாவாவில் ஓடுகிறது என்று கேளுங்கள்.

டெர்மினலில் 'ஜாவா' என்று கேட்டால் ஒரு பதிப்பைச் சொல்லும், ஜாவா ஹோம் மாறிலி வேறொன்றைக் காட்டும், ஐடிஇக்குள் மூன்றாவது ஒன்று இருக்கும். மேவன் தன்னைப் பற்றிச் சொல்லும் 'மைனஸ் வி' கமாண்டில்தான் உண்மை தெரியும். எந்த ஜாவாவை, எந்தக் கோப்புறையிலிருந்து எடுத்தது என்று எழுதிக் காட்டும்.

'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்று பிழை வந்தால் அதில் இரண்டு எண் இருக்கும், 65, 61 என்கிற மாதிரி. அந்த எண்ணிலிருந்து 44ஐக் கழியுங்கள், ஜாவா பதிப்பு கிடைக்கும். 65 என்றால் 21, 61 என்றால் 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. 21ல் கம்பைல் செய்ததை 17ல் ஓட்டப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

'இன்ஆக்ஸஸிபிள் ஆப்ஜெக்ட் எக்ஸப்ஷன்' என்று வந்தால் கதை வேறு. ஜாவாவின் உள் அறைகளுக்குள் ரிஃப்ளெக்ஷன் வழியாக நுழைவதை 16ஆம் பதிப்பு இயல்பாகத் தடுத்தது. கட்டளை கொடுத்து அந்தத் தடையை மொத்தமாகத் தளர்த்தும் வழியையும் 17 மூடியது. பழைய மாக்கிங் லைப்ரரிகளும் ஜேசன் லைப்ரரிகளும் அங்கே போய் முட்டும். முதல் மருந்து, அந்த லைப்ரரியின் பதிப்பை ஏற்றுவது. முடியவே முடியாது என்றால்தான் 'ஆட் ஓப்பன்ஸ்' கொடுத்துக் குறிப்பிட்ட பேக்கேஜை மட்டும் திறந்துவிடுவது.

அதை ஷ்யூர்ஃபயரின் 'ஆர்க்லைன்' என்ற இடத்தில் எழுதுவீர்கள். எழுதிய மறுநாள் ஜாக்கோகோ கவரேஜ் ரிப்போர்ட் காலியாக வரும், யாருக்கும் காரணம் தெரியாது. காரணம் இதுதான்: ஜாக்கோகோ தன் ஏஜென்டை அதே ஆர்க்லைன் என்ற பெயருள்ள ப்ராப்பர்ட்டியில்தான் வைக்கிறது. நீங்கள் பாமில் நேரடியாக எழுதியது அதை அழித்துவிட்டது. உங்கள் வரியின் முன்னால் அட் குறி போட்டு, நெளிவு அடைப்புக்குள் ஆர்க்லைன் என்று எழுதினால், பழையதையும் சேர்த்துக்கொள்ளும். டாலர் குறி போட்டால் சீக்கிரமே மாற்றிவிடும், ஜாக்கோகோ எழுதுவதற்கு முன்னாலேயே. அட் குறிதான் வேண்டும்.

7. "என் மெஷின்ல ஓடுதே" என்று சொல்வதற்கு முன் நான்கு விஷயம் பாருங்கள்.

நேர மண்டலம். நீங்கள் சென்னையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், பில்டு சர்வர் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் இருக்கும். நமக்கு நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை சர்வருக்கு முந்தைய நாள். 'இன்றைய தேதி' என்று கேட்டு எழுதிய டெஸ்ட் பகலெல்லாம் பாஸ் ஆகும், இரவு ஷிஃப்டில் மட்டும் தோற்கும். ஜாவா 8 முதல் 'கிளாக்' என்ற கிளாஸ் இருக்கிறது, அதை நிரலுக்குள் கொடுத்து டெஸ்டில் நேரத்தை நிறுத்திவையுங்கள். சந்தேகத்தைச் சோதிக்க, டெஸ்ட் ஜேவிஎம்முக்கு நேர மண்டலத்தை யூடிசி என்று கொடுத்து உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பாருங்கள்.

எழுத்துக் குறியீடு. தமிழ்த் தரவை வைத்து டெஸ்ட் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறையாவது பட்டிருப்பார்கள். 'மழை' என்ற சொல்லின் நீளத்தை ஜாவாவிடம் கேட்டால் 3 என்று சொல்லும். நம் கணக்குக்கு எழுத்து 2. ஆனால் ஐகாரக் குறி யூனிகோடில் தனியாக ஒரு இடம் பிடிக்கிறது. யூடிஎஃப் 8ல் அந்த மூன்றும் மும்மூன்று பைட், ஆக 9. ஜாவா 18க்கு முந்தைய பதிப்பில், விண்டோஸ் மெஷினில், குறியீடு எது என்று சொல்லாமல் கம்பைல் செய்தால் விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டில் அதைப் படித்துவிடும். ஒவ்வொரு பைட்டும் ஒரு எழுத்தாகிவிடும், நீளம் 9 என்று வரும். '3 எதிர்பார்த்தேன், 9 வந்தது' என்று டெஸ்ட் சொன்னால், அந்த 9தான் துப்பு. மேவன் இதற்கு முன்னமே எச்சரிக்கை கொடுத்திருக்கும்: பில்டு இந்த மெஷினைப் பொறுத்தது என்று மஞ்சளில் ஒரு வரி. யாரும் படிப்பதில்லை. பாமில் சோர்ஸ் என்கோடிங் யூடிஎஃப் 8 என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. 2022ல் வந்த ஜாவா 18 முதல் யூடிஎஃப் 8தான் இயல்பு.

ஜாவா பதிப்பு மாறும்போது தேதி எழுதும் முறையும் மாறும். காலை 'ஏஎம்', மாலை 'பிஎம்' போடும் ஆங்கில நேர வடிவத்தில், எண்ணுக்கும் அதற்கும் நடுவில் சாதாரண இடைவெளி இருந்தது. ஜாவா 20ல் அது ஒரு குறுகிய உடையா இடைவெளியாக மாறிவிட்டது. டெஸ்ட் தோற்கும், எதிர்பார்த்ததும் வந்ததும் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும். இப்படி இரண்டு வரியும் ஒன்றாகத் தெரிந்து டெஸ்ட் மட்டும் தோற்றால், எழுத்தெழுத்தாக யூனிகோடு எண்ணை அச்சிட்டுப் பாருங்கள்.

கோப்புப் பெயர். விண்டோஸும் மேக்கும் இயல்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். சர்வர் லினக்ஸ்.

8. டெஸ்ட் வேறு ஜேவிஎம்மில் ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

மேவன் ஒரு ஜேவிஎம். டெஸ்டுக்காக ஷ்யூர்ஃபயர் கிளப்பிவிடுவது இன்னொரு ஜேவிஎம். 'மேவன் ஆப்ட்ஸ்' மாறிலியில் மெமரியைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அது மேவனுக்குத்தான் போய்ச் சேரும், டெஸ்டுக்குப் போகாது. டெஸ்டுக்கு ஆர்க்லைனில் கொடுக்க வேண்டும். கிரேடிலிலும் அப்படித்தான், டெஸ்ட் டாஸ்க்குக்கு மெமரி தனியாகக் கொடுக்க வேண்டும்.

அந்த இன்னொரு ஜேவிஎம் திடீரென்று செத்துப்போனால் ஷ்யூர்ஃபயர் ஒரு வேடிக்கையான பிழை தரும்: கிளப்பிய ஜேவிஎம் முறையாக விடைபெறாமல் போய்விட்டது என்று. வாக்கியம் சிரிப்பாக இருக்கும், காரணம் சிரிப்பாக இருக்காது. யாராவது நிரலுக்குள் 'சிஸ்டம் எக்ஸிட்' கூப்பிட்டிருக்கலாம். நேட்டிவ் லைப்ரரி விழுந்திருக்கலாம். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடுகிறது, வெளியேறும் எண் 137 என்றால், யாரோ அதைக் கொன்றிருக்கிறார்கள். பெரும்பாலும் மெமரி போதாமல் லினக்ஸே கொன்றிருக்கும். 'ஷ்யூர்ஃபயர் ரிப்போர்ட்ஸ்' கோப்புறையில் 'டம்ப்ஸ்ட்ரீம்' என்று முடியும் கோப்பு கிடக்கிறதா பாருங்கள். கன்சோலில் வராதது அதில் இருக்கும்.

எப்போதாவது தப்பு உங்கள் பக்கம் இல்லாமலும் இருக்கும். 2018 இறுதியில் டெபியன், உபுண்டு மெஷின்களில் ஓப்பன்ஜேடிகே 8ன் ஒரு அப்டேட் வந்த கையோடு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த மேவன் பில்டுகள் உலகம் முழுக்க இதே பிழையோடு நின்றன. ஷ்யூர்ஃபயர் கிளாஸ்பாத்தை எழுதிய விதத்தை அந்த அப்டேட்டில் சேர்ந்த புதிய சோதனை ஏற்கவில்லை. ஷ்யூர்ஃபயர் 3.0.0ன் முதல் மைல்ஸ்டோன் பதிப்பில் சரிசெய்தார்கள். நேற்று ஓடி இன்று ஓடாவிட்டால், கிட் வரலாற்றில் நேற்றிலிருந்து யாரும் எதையும் மாற்றவில்லை என்றால், மெஷினில் எது மாறியது என்று பாருங்கள்.

9. தனியாக ஓட்டினால் பாஸ், சேர்த்து ஓட்டினால் தோல்வியா? டெஸ்டுகள் ஒன்றின் எச்சிலை இன்னொன்று தொடுகின்றன.

ஷ்யூர்ஃபயர் இயல்பாக ஒரே ஜேவிஎம்மில்தான் எல்லா கிளாஸையும் ஓட்டும். ஒன்று ஸ்டாட்டிக் மாறிலியில் எழுதிவிட்டுப் போனால் அடுத்தது அதைப் பார்க்கும். எந்த கிளாஸ் முதலில் என்பது கோப்பு முறைமை தரும் வரிசை. அதனால்தான் உங்கள் மெஷினில் ஒரு வரிசை, சர்வரில் ஒரு வரிசை. ஜாவா 7 வந்தபோது மெத்தடுகளைப் பட்டியலிடும் வரிசை மாறி, வரிசையை நம்பி எழுதிய டெஸ்டுகள் எல்லாம் கவிழ்ந்தன. அதன் பிறகுதான் ஜேயூனிட் 4.11 மாறாத வரிசை ஒன்றை வைத்தது.

சந்தேகத்தை உறுதிசெய்ய 'ரீயூஸ் ஃபோர்க்ஸ்' என்பதை அணைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் புது ஜேவிஎம் கிளம்பும், மெதுவாக இருக்கும். அப்போது எல்லாம் பாஸ் ஆனால் நோய் தெரிந்துவிட்டது. அதையே மருந்தாக வைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். எந்த ஸ்டாட்டிக் என்று தேடித் துடைக்க வேண்டும்.

10. கிரேடில் 'அப் டு டேட்' என்று சொன்னால் அது டெஸ்டை ஓட்டவில்லை.

உள்ளீடு ஒன்றும் மாறவில்லை, போன முறை பாஸ் ஆனது, அதனால் மறுபடி ஓட்டத் தேவையில்லை என்று அது முடிவுசெய்கிறது. நியாயமான முடிவுதான். ஆனால் உங்கள் டெஸ்ட் வெளியே இருக்கிற டேட்டாபேஸையோ கடிகாரத்தையோ நம்பியிருந்தால் கிரேடிலுக்கு அது தெரியாது. 7.6 முதல் 'ரீரன்' என்ற தெரிவு அந்த ஒரு டாஸ்க்கை மட்டும் கட்டாயமாக ஓட்டும்.

11. யார் ஸ்கிப் போட்டார்கள் என்று தேடுங்கள்.

மேவனில் 'ஸ்கிப் டெஸ்ட்ஸ்' கொடுத்தால் டெஸ்ட் கம்பைல் ஆகும், ஓடாது. 'மேவன் டெஸ்ட் ஸ்கிப்' கொடுத்தால் கம்பைலே ஆகாது. இரண்டாவதைப் பழக்கமாக்கிய டீமில் டெஸ்ட் நிரல் உடைந்து கிடப்பதே தெரியாமல் போகும். 'டெஸ்ட் ஃபெயிலியர் இக்னோர்' இன்னும் மோசம். தோற்றாலும் பச்சை காட்டும். ரிலீஸ் அன்று இரவு அவசரத்துக்கு ஒருவர் போட்டிருப்பார், எடுக்க மறந்திருப்பார், அவர் வேறு கம்பெனிக்கே போயிருப்பார்.

உங்கள் பாமில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பேரன்ட் பாமில் இருக்கலாம், புரொஃபைலில் இருக்கலாம். 'எஃபெக்டிவ் பாம்' கமாண்ட் எல்லாவற்றையும் சேர்த்து இறுதியில் நிற்பது எது என்று காட்டும். நீளமாகத்தான் வரும், ஒரு கோப்பில் போட்டு 'ஸ்கிப்' என்று தேடுங்கள். டெஸ்டைத் தற்காலிகமாக நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் 'டிசேபிள்டு' அனோட்டேஷன் போட்டு, அடைப்புக்குள் காரணத்தையும் டிக்கெட் எண்ணையும் எழுதுங்கள். ஸ்கிப் எண்ணிக்கையிலாவது அது தெரியும்.

12. இத்தனைக்கும் மேல் புரியவில்லை என்றால் கேளுங்கள். கேட்கும் முறை ஒன்று இருக்கிறது.

கன்சோலின் கடைசிப் பத்து வரியைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கடைசியில் இருப்பது மேவனின் ஒப்பாரி. காரணம் அதற்கு வெகு மேலே, முதல் 'எர்ரர்' வரியிலோ, ஸ்டேக் ட்ரேஸில் கடைசியாக வரும் 'காஸ்டு பை' வரியிலோ இருக்கும். தோற்ற ஒரே ஒரு டெஸ்டை மட்டும் தனியாக ஓட்டுங்கள். மேவனில் 'டெஸ்ட்' ப்ராப்பர்ட்டியில் கிளாஸ் பெயரும், ஹாஷ் குறி போட்டு மெத்தட் பெயரும் கொடுக்கலாம். கிரேடிலில் 'டெஸ்ட்ஸ்' தெரிவு உண்டு. அப்போதும் தோற்கிறதா, சேர்த்து ஓட்டினால் மட்டுமா என்று குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த கமாண்டை அப்படியே எழுத்தாக ஒட்டுங்கள். 'மைனஸ் வி' சொன்ன பதிப்புகள், டிபெண்டன்சி மரத்தில் ஜேயூனிட் வரும் வரிகள், ரிப்போர்ட் கோப்புறையில் இருக்கும் அந்த கிளாஸின் உரைக் கோப்பு, கடைசியாக எப்போது ஓடியது என்ற தகவல். இவ்வளவும் இருந்தால் எந்த சீனியரும் கால் மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுவார். பாதிப் பேருக்கு இதைத் திரட்டும்போதே விடை கிடைத்துவிடுகிறது. அப்படிக் கிடைத்தால் அதை டீம் விக்கியில் நாலு வரி எழுதிவையுங்கள், அடுத்து வருகிற பிள்ளைக்கு உதவும்.